அண்ணாமலையில் எங்கே தங்குவது?

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கணக்கில் பாரம்பரிய விடுதி என்பது 1950-க்கு முன் கட்டிய அரண்மனை, கோட்டை, ஹவேலி, வேட்டை மாளிகை, வசிப்பிடம் போன்றவற்றில் நடக்கும் ஓட்டல். ராஜஸ்தானை மனத்தில் வைத்துப் போட்ட பட்டியல் என்பது பார்த்தவுடனே தெரியும். நம் பக்கத்தில் கானாடுகாத்தானின் செட்டிநாட்டு வீடுகளும் தரங்கம்பாடியின் கடலோரப் பழைய பங்களாவும் அதற்குள் எப்படியோ அடங்கிவிடுகின்றன. அதே பட்டியலை எடுத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குப் போனால் கையை விரிக்க வேண்டியதுதான். ஹொய்சள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் 14-ஆம் நூற்றாண்டில் இங்கே இருந்து ஆண்டிருக்கிறான். அவன் பெயரில் கோயிலுக்குள் ஒரு கோபுரம் நிற்கிறதே தவிர, அறை எடுத்துத் தங்க அரண்மனை எதுவும் கிடையாது. அதற்காக இந்த ஊரில் தங்குமிடத்துக்கு வரலாறே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? தங்குவதற்கென்றே இத்தனை ஏற்பாடுகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவைத்த ஊர்கள் தமிழ்நாட்டில் குறைவு. அவை மடங்களாகவும் சத்திரங்களாகவும் கல் மண்டபங்களாகவும் இருக்கின்றன. பட்டியலில் அவற்றுக்கு இடமில்லை என்பது பட்டியலின் குறை.

இந்த ஊரின் புகழ்பெற்ற மனிதர்கள் வந்து தங்கிய விதத்தைப் பார்த்தாலே இது விளங்கும். 1896 செப்டம்பர் 1 அன்று, பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட 16 வயது வேங்கடராமன் ரயிலில் வந்து இறங்கினார். வழியில் கீழூரில் காதுக் கடுக்கனை அடகு வைத்து வாங்கிய 4 ரூபாயில்தான் டிக்கெட்டே எடுத்திருந்தார். வந்தவர் ஆயிரங்கால் மண்டபத்தில் இருந்தார், பாதாள லிங்கத்தில் இருந்தார், குருமூர்த்தத்தில் இருந்தார். 1899 முதல் 1916 வரை விரூபாட்ச குகை, பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமம், அதன்பின் அடிவாரத்தில் இன்றைய ரமணாசிரமம். பார்க்க வேண்டிய இடங்கள் என்று வழிகாட்டிகள் இன்று அழைத்துப்போகும் இடங்களில் பாதி, அன்று ஒருவர் காசில்லாமல் தங்கிய இடங்கள். காசு குறுக்கே வந்தபோது என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. கார்த்திகைக் கூட்டத்தின்போது விரூபாட்ச குகையை நிர்வகித்த மடத்தார் உள்ளே வருபவர்களிடம் சிறு கட்டணம் வசூலித்தார்கள். ரமணர் எழுந்து வெளியே மரத்தடியில் போய் உட்கார்ந்தார். வசூல் அங்கேயும் வரவே, கீழே சற்குருசாமி குகைக்கு இறங்கிவிட்டார். கூட்டமும் அவர் பின்னாலேயே போனது. காலிக் குகைக்குக் காசு கொடுக்க யார் வருவார்கள்? கட்டணம் கேட்க மாட்டோம் என்று சொல்லி அவரைத் திரும்ப அழைத்துவந்தார்கள். பின்னாளில் யோகி ராம்சுரத்குமாருக்குத் தேரடியும் கடைத் திண்ணையும் போதுமானதாக இருந்தன. அவ்வளவு ஏன், அண்ணாமலையாருக்கே வெளியே தங்கும் வழக்கம் உண்டு. மாட்டுப் பொங்கலன்று நடக்கும் திருவூடலில் அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குள் போய்க் கதவை அடைத்துக்கொள்ள, சுவாமி அன்றிரவைக் குமரக் கோயிலில் கழித்துவிட்டு மறுநாள் கிரிவலம் போகிறார்.

சத்திரம் என்பது ஏதோ ஏழைகளின் ஓட்டல் என்று நினைத்தால் தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி 1801-இல் ஆங்கில ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தைப் பார்க்க வேண்டும். எந்தச் சாதிப் பயணியானாலும் சோறு உண்டு. சமைத்ததை உண்ணாதவருக்கு அரிசியும் சாமானும் உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது இருந்தால் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். நோயாளிக்கு மருந்து, கர்ப்பிணிக்குக் கவனிப்பு, அநாதைப் பிள்ளைக்குப் படிப்பு. இவற்றுக்கெல்லாம் மானிய நிலத்து வருமானம் இருந்தது. திருவண்ணாமலையின் மடங்கள் அரசர் ஏற்பாட்டைவிட அடியார் மரபையும் சமூகங்களின் நன்கொடையையும் சார்ந்தவை என்றாலும் வேலை ஒன்றுதான். கட்டடத்தின் அமைப்பும் அந்த வேலைக்குப் பொருந்தியது. தெருவைப் பார்த்துத் திண்ணை, நடுவே முற்றம், பின்னால் கிணறும் சமையற்கட்டும். தங்காமல் இந்த ஊரைப் பார்த்துவிடவும் முடியாது, அது இயங்கும் நேரம் வேறு. கார்த்திகையில் பரணி தீபம் விடியலுக்கு முன், மலை மேல் மகாதீபம் மாலை 6 மணிக்கு, பௌர்ணமியில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடை பெரும்பாலும் இரவில். காலை பத்து மணிக்குக் காரில் வந்து மாலையில் திரும்புபவருக்கு 217 அடி ராஜகோபுரம் தெரியும், ஊர் தெரியாது. சாமர்செட் மாம் 1938-இல் அப்படித்தான் சென்னையிலிருந்து காரில் வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழ, ஆசிரமத்தில் இருந்த சாட்விக் என்ற ஆங்கிலேயரின் குடிலில் படுக்கவைத்தார்கள். ரமணரே அங்கு வந்து அவரைப் பார்த்தார். ஒரு குடிலில் யாரோ தங்கியிருந்ததால்தான் அந்தச் சந்திப்பு அப்படி அமைந்தது.

மடத்தையும் சத்திரத்தையும் பாரம்பரிய விடுதியாக ஏற்பதற்கு வரும் மறுப்புகளில் கனமானது சாதி. நியாயமான மறுப்பு. மடங்களில் பல இன்ன சமூகத்து மடம் என்ற பெயர்ப்பலகையோடுதான் இருக்கின்றன. சரபோஜியின் கடிதத்திலேயே சமைத்த சோறு, சமைக்காத அரிசி என்ற பிரிவினை தெரிகிறது. ரமணர் காலத்து ஆசிரம உணவுக்கூடத்திலும் பிராமணர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. பெண்கள் இரவில் ஆசிரமத்துக்குள் தங்கவும் அனுமதியில்லை. இவற்றை மறைத்துவிட்டுச் சத்திரத்தைப் புகழ்வது பொய் சொல்வதாகும். ஆனால் 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தர்மசாலையையும் சராயையும் பெயர் சொல்லியே தன் எல்லைக்குள் கொண்டுவந்தது. சட்டத்தை இயற்றியவர்களுக்கு அவை பொதுவிடமாகத் தெரிந்திருக்கின்றன. சமூக அறக்கட்டளையின் மடம் தன் சமூகத்தார்க்கு முன்னுரிமை தருவது வேறு விவகாரம். அதற்கு எளிய நிபந்தனை போதும்: பழுதுபார்க்கப் பொதுப்பணம் வாங்கும் மடம் எல்லாருக்கும் அறை தர வேண்டும். அரண்மனை ஓட்டல்களிலும் ஒரு காலத்தில் எல்லாரும் நுழைய முடியாது. அங்கே மட்டும் அந்தப் பழைய வரலாற்றை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

அடுத்தது வசதி. பாரம்பரியம் என்றால் கொசுக்கடியும் பொதுக் கழிப்பறை வரிசையும் சேர்த்துத்தானா என்று கேட்பார்கள். இல்லை. பழைய மடம் பாழாவது பெரும்பாலும் கூரையில் தொடங்குகிறது. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை அது. ஒழுகுகிறதே என்று மேலே சிமெண்ட் பூசினால், உள்ளே இறங்கிய ஈரம் வெளியேற வழியின்றி உத்தரம் மக்கும். பிறகு, பழுது பார்த்துப் பயனில்லை என்று இடித்துக் கான்கிரீட் லாட்ஜ் எழுப்புவார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் பின்கட்டில் நல்ல கழிப்பறையும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. செலவுக்குப் பணம் வேண்டும் என்பது உண்மைதான். மானிய நிலம் போன பிறகு இலவசச் சோற்றை எதிர்பார்ப்பதும் சரியில்லை. மிதமான வாடகை வாங்கட்டும். ரமணாசிரமம் முன்பதிவும் விருப்ப நன்கொடையுமாகத் தன் விருந்தினர் விடுதிகளை நடத்துகிறது. காசியில் நகரத்தார் 19-ஆம் நூற்றாண்டில் நிறுவிய சத்திரம் இன்றும் யாத்ரீகர்களைத் தங்கவைக்கிறது. ஆடம்பர ஓட்டலாக மாற்றினால்தான் பழைய கட்டடம் பிழைக்கும் என்பது செட்டிநாட்டுக்குப் பொருந்தலாம். அங்கே வீடுகள் பூட்டிக்கிடந்தன. மடத்தில் இன்னும் ஆள் வந்து தங்குகிறார்கள். அவர்களை வெளியேற்றிவிட்டுக் கட்டடத்தை மட்டும் காப்பாற்றினால் காப்பாற்றியது எது?

பாதுகாப்பு என்ற பெயரில் ஊரை உறையவைத்துவிடுவார்கள் என்ற பயம் இங்கே பழையது. 2002-இல் தொல்லியல் துறை அருணாசலேசுவரர் கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக்க முனைந்தபோது ஊரே எதிர்த்தது, முயற்சி கைவிடப்பட்டது. சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டுமானம் கூடாது என்ற விதி மாடவீதிக்காரர்களை மிரட்டியதில் வியப்பில்லை. அந்த எதிர்ப்பு பழமைக்கு எதிரானது என்று சொல்ல மாட்டேன். புழக்கத்தில் இருப்பதைக் காட்சிப்பொருளாக்காதே என்பதுதான் அதன் சாரம். மடங்களுக்கும் அதே அளவுகோல் போதும்: தங்குவது தொடரட்டும், முகப்பும் முற்றமும் கூரையும் இடிபடாதிருக்கட்டும். பட்டியலில் சத்திரம் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து, விடுதிகளுக்குக் கிடைக்கும் சலுகையை இவற்றுக்கும் நீட்டினால் அமைச்சகத்துக்குப் பெரிய நஷ்டமில்லை. பௌர்ணமிக்கு வரும் லட்சக்கணக்கானோருக்கு இது எந்த மூலைக்கு என்றால், எந்த மூலைக்கும் போதாதுதான். அந்தக் கூட்டத்துக்கு ஓட்டல் அறைகளும் போதாது. இரவெல்லாம் நடப்பவர்களுக்குக் கட்டிலைவிட அவசரமாக வேண்டியது குடிதண்ணீர், கழிப்பறை, கால் நீட்டி உட்காரக் கொஞ்சம் இடம். கிரிவலப் பாதையின் கல் மண்டபங்களைக் கட்டியவர்கள் இதில் ஒன்றையாவது முன்பே யோசித்திருக்கிறார்கள். மற்ற இரண்டையும் அவற்றின் பக்கத்திலேயே அமைப்பது மாநகராட்சியால் முடியாத காரியமல்ல.