காலி மாதத்தையும் கணக்கில் சேருங்கள்: வாடகை வீட்டில் பணம் போடுவோர் கவனத்துக்கு

ஓய்வுபெறும்போது கைக்கு வரும் பணத்தில் ஒரு ஃபிளாட் வாங்கிப் போட்டுவிட்டால் மாதம் பிறந்ததும் வாடகை வந்துவிடும் என்ற நம்பிக்கை நம் நடுத்தரக் குடும்பங்களில் ஆழமாக வேரோடியிருக்கிறது. வாழ்நாள் சேமிப்பை அதில் இறக்கும் முன் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

சென்னைப் புறநகரில் பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம், அலமாரி வேலை எல்லாம் சேர்த்து 70 லட்சம் ரூபாயில் ஒரு ஃபிளாட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 20,000. ஆண்டுக்கு 2,40,000, போட்ட பணத்தில் 3.4 சதவீதம். ஆனால் அவ்வளவும் கைக்கு வராது. ஆள் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 20,000 போகும். சொத்து வரிக்கு 6,000 என்றும், பெயின்ட், பிளம்பிங், ரிப்பேருக்குச் சராசரியாக 24,000 என்றும் வையுங்கள். மிஞ்சுவது 1,90,000. அதாவது 2.7 சதவீதம். வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டிருந்தாலே இதைவிடக் கூடுதலாக வந்திருக்கும்.

கடன் வாங்கி வாங்கினால் நிலைமை இன்னும் இறுக்கம். 50 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 43,400. வாடகை அதில் பாதியைக்கூட எட்டாது. மீதியைச் சம்பளத்திலிருந்து கட்டத் தெம்பு இருந்தால்தான் இந்த முயற்சியில் இறங்க வேண்டும்.

அப்படியென்றால் ஃபிளாட்டில் லாபமே இல்லையா? உண்டு; ஆனால் அது வாடகையில் இல்லை, மண்ணில் இருக்கிறது. கட்டடம் ஆண்டுக்கு ஆண்டு பழசாகும், விலை ஏறுவது நிலம்தான். எனவே வாங்கும்போது சமையலறை கிரானைட்டைவிட, உங்கள் பெயருக்கு வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வாடகை வருமானம்தான் குறி என்றால், சொந்த வீட்டு மாடியில் ஒரு போர்ஷன் எழுப்புவதற்கு ஈடான முதலீடு நடுத்தரக் குடும்பத்துக்கு அரிது என்பேன். நிலத்துக்குத் தனியாகப் பணம் போடுவதில்லை அல்லவா? 20 லட்சத்தில் கட்டி 12,000 ரூபாய்க்கு விட்டால் 7.2 சதவீதம் நிற்கிறது. அஸ்திவாரம் தாங்குமா என்று பொறியாளரிடம் கேட்பதும், வரைபட அனுமதி வாங்குவதும் மட்டும் தவறக் கூடாது.

வீடு கைக்கு வந்த பிறகு லாபத்தைத் தீர்மானிப்பது குடியிருப்பவர்தான். பல ஓனர்கள் சறுக்குவது இங்கேதான். 20,000 கேட்கும் வீட்டுக்கு ஒரு நல்ல குடும்பம் 19,000 தருகிறேன் என்று வந்தால், ஆயிரம் ரூபாய்க்காகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த ஆள் வர இரண்டு மாதம் ஆனால் நஷ்டம் 38,000. அந்த ஆயிரத்தைச் சேர்த்துச் சேர்த்து இதை ஈடுகட்ட மூன்று ஆண்டுக்கு மேல் ஆகும். ஒழுங்காக வாடகை தந்து, வீட்டைத் தன் வீடாகப் பார்த்துக்கொள்பவரை ஆண்டுதோறும் பத்து சதவீதம் ஏற்றி விரட்டுவதும் இதே கணக்குதான். ஐந்து சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு அவரைத் தக்கவைப்பதே லாபம்.

ஆள் பார்க்கும்போது வேலை, வருமானம், முன்பிருந்த வீட்டு ஓனரின் சொல் ஆகிய மூன்றையும் விசாரியுங்கள். அடையாள ஆவணத்தின் நகலையும் வாங்கி வையுங்கள். சாதி, மதம், என்ன சமைப்பீர்கள் என்றெல்லாம் கேட்பது அநியாயம். வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கு அந்தக் கேள்விகளில் விடையும் கிடையாது. உங்கள் வீட்டுக்கு வரக்கூடிய நல்ல மனிதர்களில் பாதிப் பேரை நீங்களே வாசலில் நிறுத்திவிடுகிறீர்கள், அவ்வளவுதான்.

அடுத்தது எழுத்து. நம் ஊரில் பதினோரு மாத ஒப்பந்தம் என்பது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் வாடகைதாரர், உரிமையாளர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. இதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். பதினோரு மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். இணையவழியிலேயே விண்ணப்பிக்கலாம். பத்திரத் தாளில் டைப் அடித்துக் கையெழுத்து வாங்கிப் பீரோவில் வைத்தால் போதும் என்று இருப்பவர்கள், தகராறு என்று வாடகை நீதிமன்றத்துக்குப் போகும்போது முதல் படியிலேயே தடுமாறுவார்கள்.

அட்வான்ஸ் விஷயத்திலும் இந்தச் சட்டத்துக்கு ஒரு சொல் உண்டு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. சென்னையில் பத்து மாதம் வாங்கிய காலத்தின் மிச்சம் இன்னும் இருக்கிறது. மூன்று மாதமே இரு தரப்புக்கும் நல்லது. பெரிய தொகை வாங்கியவர் அதைச் செலவழித்துவிட்டு, அடுத்தவர் கொடுத்தால்தான் இவருக்குக் கொடுக்க முடியும் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார். ‘லீஸ்’ என்று எட்டு லட்சம், பத்து லட்சம் மொத்தமாக வாங்குவதில் இந்த ஆபத்து பல மடங்கு. வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் குடியிருப்பவரின் பணமும் சேர்ந்து சிக்கிக்கொள்ளும். திருப்பிக் கொடுக்கக் கையில் வழி இல்லாதவர்கள் லீஸுக்கு விடவே வேண்டாம்.

வாடகையைவிட அதிகமாக மனக்கசப்பு வருவது கரன்ட் பில்லில்தான். ஒரே மீட்டரில் கீழ்வீடும் மாடிவீடும் ஓடினால், இரண்டு மாதத்துக்கான 100 இலவச யூனிட் ஒரு தடவைதான் கிடைக்கும். இருவர் யூனிட்டும் ஒன்றாகக் கூடி மேல் கட்டணப் படிக்குப் போய்விடும். சப்-மீட்டர் வைத்து ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தன் இஷ்டத்துக்கு வசூலித்தால் குடியிருப்பவருக்கு மனம் கொதிக்காதா? போர்ஷனுக்குத் தனி மின் இணைப்பு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவர் ஓட்டும் ஏசிக்கு அவர் பில். மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் செலவை எப்படிப் பிரிப்பது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் யார் கொடுப்பது என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டப்படி குற்றத் தரப்பில் உங்களை நிறுத்திவிடும்.

ரிப்பேருக்கும் இதே 2017 சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் வெள்ளையடிப்பு, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, கீசர் ரிப்பேர் போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. கூரைக் கசிவைப் பற்றிச் சொன்னால் அந்த வாரமே கொத்தனாரை அனுப்புங்கள். ஒரு மழைக்காலம் தள்ளிப்போட்டால் கம்பி துருப்பிடித்துச் செலவு எங்கோ போய்விடும்.

வரியில் சிலவற்றை மறக்க வேண்டாம். ஆண்டு வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு, ரசீது தேவையில்லை. கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர்கள் வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்ட முடியாது. ஓனர் துபாயிலோ சிங்கப்பூரிலோ வாழும் வெளிநாடுவாழ் இந்தியராக இருந்தால், வாடகை தருபவரே வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். இது இரு தரப்பிலும் பலருக்குத் தெரிவதே இல்லை.

வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும், மீட்டர் ரீடிங்கையும் இருவரும் சேர்ந்து நின்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அதே படங்களை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஆணி அடித்த ஓட்டைக்கெல்லாம் பணம் பிடிக்காதீர்கள். உடைந்த வாஷ்பேசினுக்குப் பிடித்தால் கடை ரசீதைக் காட்டுங்கள். முன்பணத்தின் மிச்சத்தை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். அதைத் தனிக் கணக்கில் வைத்திருந்தவர், சாவியை வாங்கும் கையோடே கொடுத்துவிடலாம்.