கடத்தியும் கடத்தலும்

ஆயர் ஈத்தாமிலிருந்து பாயா தெருபோங் மலைச்சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்வோர் பயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையை அடைவர். 1969இல் பினாங்கு தன் தீர்வையில்லாத் துறைமுக உரிமையை இழந்தது. வாணிகம் தளர்ந்தது, வேலையற்றோர் பெருகினர். அக்காலத்து முதலமைச்சர் லிம் சோங் யூ கண்ட மாற்றுவழியே இப்பேட்டை. 1972இல் இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை இங்கு நிறுவிற்று. இன்று உலகச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் பணியில் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பங்கு மலேசியாவில் நடைபெறுகிறது.

சில்லுக்கு அடிப்படையான பொருளைத் தமிழில் குறைக்கடத்தி என்கிறோம். செம்பைப் போல மின்சாரத்தை முழுதும் கடத்தாது. கண்ணாடியைப் போல முற்றும் தடுக்கவும் செய்யாது. ‘கடத்தல்’ என்னும் சொல்லுக்குக் கள்ளத்தனமாகப் பொருளை எல்லை தாண்டச் செய்தல் என்றும் பொருளுண்டன்றோ? இப்போது எழுந்துள்ள சட்டச் சிக்கல் அந்த இரண்டாம் பொருளைப் பற்றியதே.

2022 அக்டோபரில் அமெரிக்கா உயர்திறச் சில்லுகளைச் சீனாவுக்கு விற்பதற்குத் தடை விதித்தது. நேர்வழி அடைபட்டால் பொருள் சுற்றுவழி தேடும். 2025 பிப்ரவரியில் சிங்கப்பூரில் மூவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. மலேசியாவுக்கு அனுப்பப்பட்ட கணினிகளின் இறுதிப் பயனாளர் யார் என்பதில் பொய் கூறினர் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு மே மாதம், சில்லு எங்குள்ளது என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்னும் மசோதா அமெரிக்க மேலவையில் கொண்டுவரப்பட்டது. ஜூலை 14ஆம் நாள் மலேசிய வாணிக அமைச்சு ஓர் ஆணையை வெளியிட்டது. அமெரிக்கத் தோற்றமுடைய செயற்கை நுண்ணறிவுச் சில்லுகளை ஏற்றுமதி செய்யினும், இவ்வழியே கொண்டுசெல்லினும் உரிமம் பெறவேண்டும் என்பது அவ்வாணை. 2010ஆம் ஆண்டின் வியூக வாணிகச் சட்டம், 12ஆம் பிரிவே இதற்கு ஆதாரம். பட்டியலில் இல்லாத பொருளாயினும், அது தவறான வழியில் பயன்படும் என ஐயுறக் காரணமிருப்பின் வணிகர் 30 நாள் முன்னதாக அறிவித்தல் வேண்டும்.

இம்மண்ணுக்கு இது புதிதன்று. கொரியப் போரின்போது, 1951இல், மலாயா ரப்பர் சீனாவுக்குச் செல்வது நிறுத்தப்பட்டது. பால்மரம் சீவிய தமிழரை எவரும் கலந்துகொண்டதில்லை. ஆண்டவர் ஆங்கிலேயர், ஆணையும் அவர்களுடையதே. அன்று ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாக இராத இலங்கையோ 1952இல் சீனாவுடன் உடன்பாடு செய்து, ரப்பரைக் கொடுத்து அரிசியைப் பெற்றது.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ரப்பர் இம்மண்ணில் விளைந்தது. சில்லோ அமெரிக்காவில் வரையப்பட்டு, பெரும்பாலும் தைவானில் உருவாகி வருவது. எங்குச் செல்லினும் வரைந்தவன் நாட்டுச் சட்டம் அதனைத் தொடர்கிறது. அமெரிக்கத் தொழில்நுட்பங்கொண்டு பிற நாட்டில் செய்த பொருளுக்கும் தன் ஆணை செல்லும் என்பது அந்நாட்டு விதி. ஆதலின் மலேசியா தானே காவல் செய்ய முன்வந்தது விவேகமே. காவாதிருப்பின் அமெரிக்கத் தடை இந்நாட்டின் மீதே பாயக்கூடும். பேரளவு நிறுவனங்களுக்கு இதற்கெனச் சட்டம் அறிந்த அலுவலர் உண்டு. நான்கு பேரை வைத்துச் சரக்கு அனுப்பும் சிறு வணிகரோ, வாங்குபவனுக்குப் பின்னால் நிற்பவன் யார் என்பதைத் தாமே துருவிக் காணவேண்டும். ‘ஐயுறக் காரணம்’ எதுவெனச் சட்டம் அவருக்கு அளந்து சொல்லவில்லை.