நாளை ரயில் ஏறுகிறவருக்கும் சட்டம் உண்டு

சென்னைக்கு இரண்டு நாள் சுற்றிப்பார்க்க வருகிறவரை ஏமாற்ற நினைப்பவர் போடும் கணக்கு ஒன்றுதான்: இந்த ஆள் நாளை இரவு ரயில் ஏறிவிடுவார்; முந்நூறு ரூபாய்க்காகத் திரும்பி வந்து அலைய மாட்டார். நெடுங்காலம் அந்தக் கணக்கு தப்பவில்லை. 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, எதிர்த்தரப்பு தொழில் நடத்தும் ஊரிலோ பிரச்சினை எழுந்த ஊரிலோதான் வழக்குப் போட முடிந்தது. 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்த 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதை மாற்றியது. புகார்தாரர் குடியிருக்கும் ஊரிலேயே, அல்லது வேலை பார்க்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். தியாகராய நகர்க் கடைக்காரர் மேல் திருநெல்வேலியில் வழக்கு நடக்கலாம். குற்ற வழக்குகளிலும் இதே போக்குதான். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்கிறது. ஆக, ஊர் திரும்பியவரிடம் உரிமை இருக்கிறது. பெரும்பாலும் இல்லாதது கையில் ஒரு துண்டுக் காகிதம்.

அந்தக் காகிதம் கிடைக்காத முதல் இடம் ஆட்டோ. தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தோடு நின்றுவிடுகின்றன. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட அந்த நிலையம் நகரின் நடுவிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்கு மூட்டையும் குழந்தையுமாக இறங்குகிறவர் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை. கேட்கிறவருக்கும் அது தெரியும். சென்னையில் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணம் 2013 ஆகஸ்டில் வந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய், இரவு 11 முதல் காலை 5 வரை ஒன்றரை மடங்கு. ஏழு கிலோமீட்டர் போக 87 ரூபாய் 40 காசு ஆகும். ஆட்டோ சங்கங்கள் 2025 பிப்ரவரி முதல் தாங்களாகவே அறிவித்துக்கொண்ட 50 ரூபாய், 18 ரூபாய் கணக்கில் அதே தூரத்துக்கு 143 ரூபாய் 60 காசு. இரண்டையும் விட்டுவிட்டு, "மீட்டர் ரிப்பேர் சார், முந்நூறு கொடுங்க" என்பதுதான் நடைமுறை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கட்டணத்தைத் தொடாமல் வைத்துவிட்டு ஓட்டுநரை மட்டும் குறை சொல்வதில் நியாயமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சவாரிக்கு வர மறுப்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 178-ஆவது பிரிவின்படி குற்றம். ஆனால் மூன்று சக்கர வண்டிக்கு அதற்கான அபராதம் 50 ரூபாய். இந்தத் தொகைக்கு யார் அஞ்சுவார்கள்?

எனவே இங்கே தீர்வைவிட மாற்றுவழிதான் பயன்படும். கிளாம்பாக்கம் நிலையத்தின் உள்ளிருந்தே மாநகரப் பேருந்துகள் புறப்படுகின்றன. சாதாரணக் கட்டணப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முகப்பில் இளஞ்சிவப்புப் பூசிய வண்டியைப் பார்த்து ஏறினால் போதும், எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. சென்ட்ரல், எழும்பூர், விமான நிலையம், கோயம்பேடு நான்கிலும் மெட்ரோ இருக்கிறது. பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே க்யூஆர் சீட்டு எடுக்க 'சென்னை ஒன்' செயலி 2025 செப்டம்பரில் வந்தது. செயலி வழியாக ஆட்டோ, டாக்ஸி பிடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வண்டியில் ஏறியதும் "கேன்சல் பண்ணிடுங்க, கையில கொடுத்துடுங்க" என்று ஓட்டுநர் கேட்டு, பயணி சம்மதித்தால், அந்தப் பயணத்துக்குப் பதிவே இருக்காது. வண்டியில் விட்ட பையைத் தேடவும் வழி இருக்காது.

அடுத்தது தங்குமிடம். இணையத்தில் காட்டும் படத்துக்கும் கொடுக்கும் அறைக்கும் பொருத்தமில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. படத்தைக் கைபேசியில் பிடித்து வைத்திருந்தால் வழக்குக்கு அதுவே சான்று. 'இருபத்துநாலு மணி நேரமா, பகல் பன்னிரண்டு வரையா' என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பாதிச் சண்டை இதில்தான் தொடங்குகிறது. அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்குள் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2025 செப்டம்பர் 22-க்கு முன் அது 12 ஆக இருந்தது. பழைய கணக்கில் பில் வந்தால் கேட்கலாம்.

அடையாள அட்டை காட்டுவது கட்டாயம். அது ஆதாராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் போதும். ஆதாரே வேண்டும் என்றால், முதல் எட்டு எண்கள் மறைத்து கடைசி நான்கு மட்டும் தெரியும் 'மறைத்த ஆதார்' பிரதியை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாம். நகல் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் எச்சரித்தது. இரண்டே நாளில் மத்திய அரசு அந்த எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றது. எச்சரிக்கை போய்விட்டாலும் அதன் காரணம் போய்விடவில்லை.

திருமணச் சான்று கேட்கும் விடுதிகள் இன்னும் உண்டு. திருமணமாகாத இருவர் ஒரே அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019-இல் கோவை விடுதி ஒன்றுக்குச் சீல் வைக்கப்பட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் தனியார் விடுதி அறை தர மறுத்தால் நள்ளிரவில் தீர்ப்பைப் படித்துக்காட்டிப் பயனில்லை. முன்பதிவின்போதே கேட்டுவிடுவது நல்லது. விடுதியில் விடும் வாகன விஷயத்தில் உச்ச நீதிமன்றத்தின் நிலை தெளிவானது. 1998-இல் டெல்லி நட்சத்திர விடுதி ஒன்றில் விருந்தினர் சாவியை ஊழியரிடம் கொடுத்துவிட்டுப் போன மாருதி ஜென் கார் திருட்டுப் போனது. 'வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று சீட்டில் அச்சடித்துவிட்டால் பொறுப்பு கழன்றுவிடாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. சாவியை வாங்கிக்கொண்ட விடுதிக்குத்தான் இது பொருந்தும். தெருவில் தானே நிறுத்திய வண்டிக்கு இதைக் காட்ட முடியாது.

அறையில் ரகசியக் கேமரா இருப்பதாகச் சந்தேகம் வந்தால், அதைக் கழற்றி நிர்வாகத்திடம் கொடுக்கக் கூடாது. இருந்த இடத்திலேயே படம் பிடித்துக்கொண்டு அவசர உதவி எண் 112-ஐ அழைக்க வேண்டும். பெண்ணை அவர் அறியாமல் படமெடுப்பதற்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-ஆவது பிரிவில் முதல் முறைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை.

சாப்பாட்டுக்குக் குறைவில்லாத ஊர் இது. திருவல்லிக்கேணியில் சாம்பாரில் மிதக்கும் இட்லி, சௌகார்பேட்டையில் வடநாட்டுச் சாட் வகைகள், பாரிமுனைப் பக்கம் பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் கொண்டுவந்த அத்தோ, மெரினாவில் மாங்காய்த் துருவல் தூவிய சுண்டல். தெருக்கடை என்றால் ஆபத்து, குளிர்பதன உணவகம் என்றால் சுத்தம் என்ற எண்ணம் சரியல்ல. கண்ணெதிரே கொதிக்கிற எண்ணெயில் போட்டு எடுத்த பஜ்ஜி, முந்தைய நாள் கோழியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கித் தரும் உணவகத்தைவிட நம்பகமானது. பஜ்ஜியைக் கொடுக்கிற செய்தித்தாள்தான் கேடு. அச்சு மை உணவில் ஏறும் என்பதால் அதில் பொட்டலம் கட்ட வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லியிருக்கிறது. இலையில் கேட்டால் பல கடைகளில் இலையே கிடைக்கும். நிறத்தோடு ஜொலிக்கும் பஞ்சுமிட்டாயைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. அதில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்தது. பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுத் தடை வந்தது. ஷவர்மாவோடு வரும் வெள்ளைப் பசையைத் தவிர்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கெட்டுப்போன உணவைப் பற்றிப் புகார் சொல்ல மாநில உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸாப் எண் 94440 42322. தட்டைக் கழுவ எடுத்துப் போகும் முன் எடுத்த படம், பில்லில் உள்ள 14 இலக்க உணவு உரிம எண், இவ்விரண்டும் இருந்தால் புகாருக்கு வலு கூடும்.

பில்லைப் படிப்பது தனிக் கலை. கடைசிப் பகுதியில்தான் விஷயம் இருக்கும். ஜி.எஸ்.டி. வசூலித்திருந்தால் அதன் பதிவு எண் 15 எழுத்துகளில் அச்சாகியிருக்க வேண்டும்; தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33-இல் தொடங்கும். எண்ணே இல்லாமல் வரி போட்டிருந்தால் அந்தப் பணம் அரசுக்குப் போக வழியில்லை. தொகுப்பு வரித் திட்டத்தில் இருக்கும் சிறு உணவகங்கள் வாடிக்கையாளரிடம் வரி வாங்கவே கூடாது. அடுத்து 'எஸ்.சி.' என்று இரண்டெழுத்தில் ஒளிந்திருக்கும் சேவைக் கட்டணம். இது வரியும் அல்ல, கட்டாயமும் அல்ல. தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. உணவக உரிமையாளர் சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. "இதை எடுத்துடுங்க" என்று சொன்னாலே பல இடங்களில் எடுத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் பாட்டில் விஷயத்தில் மக்கள் நினைப்பதும் சட்டமும் ஒன்றல்ல. பெட்டிக்கடை, பேருந்து நிலையக் கடை, ரயில் நிலையக் கடை எதுவும் அச்சிட்ட விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 'கூலிங் சார்ஜ்' என்பது சட்டத்தில் இல்லாத சொல். ஆனால் உட்கார வைத்துப் பரிமாறும் உணவகம் கூடுதலாக வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அங்கே சாதாரணத் தண்ணீர் கேட்பதே வழி. திரையரங்கு வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் குடிநீரை இலவசமாக வைக்க வேண்டும். இது உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரித் தீர்ப்பு.

சுற்றிப்பார்க்கும் இடங்களுக்கு விடுமுறை நாள் பார்த்துப் போக வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறப்பதில்லை. வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை. இது தெரியாமல் போய், வாசலில் நிற்பவர் சொன்ன 'வேற நல்ல இடத்துக்கு' வண்டி ஏறுகிறவர்கள் உண்டு. மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் பார்க்க இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600 ரூபாய் என்று 2018-இல் தொல்லியல் துறை கட்டணம் வகுத்தது. சார்க் நாட்டவருக்கு இந்தியக் கட்டணமே. யாழ்ப்பாணத்திலிருந்தோ கொழும்பிலிருந்தோ வருகிறவர் இலங்கைக் கடவுச்சீட்டைக் காட்டினால் 560 ரூபாய் மிச்சம். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டே வேண்டாம். கோயில்களுக்குள் கைபேசி கொண்டுபோக உயர் நீதிமன்றம் 2022 டிசம்பரில் தடை விதித்தது. செருப்புக்குப் போலவே கைபேசிக்கும் டோக்கன் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

மெரினாவில் மட்டும் சட்டமும் தீர்வும் உதவாது. அங்கே குளிக்கத் தடை என்ற பலகையைப் பார்த்துவிட்டும் முழங்கால் அளவு இறங்குகிறவர்கள் ஏராளம். அலை திரும்பும்போது காலடி மணல் சரிந்து ஆள் நிலைகுலைகிறார். அங்கிருந்து கடலை நோக்கி ஓடும் இழுவை நீரோட்டம் மீதியைப் பார்த்துக்கொள்கிறது. உள்ளூர் மீனவர்கள் கடலை மதிக்கிற அளவுக்குச் சுற்றுலாப் பயணி மதிப்பதில்லை. இழுபட்டவர் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டால் களைத்துப்போவார்; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நீரோட்டத்தை விட்டு விலகிய பிறகே கரைக்குத் திரும்ப வேண்டும். நீச்சல் தெரியாதவர் காப்பாற்றக் குதிப்பதால் ஓர் உயிருக்கு இரண்டாகப் போகிறது. கயிறு, காலிக் குடம், மிதக்கிற எதையாவது எறிந்துவிட்டு உயிர்காப்பாளரைக் கூப்பிட வேண்டும்.

தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லின் அடியில் இருப்பதைப் பார்த்து மக்கள் பேசாமல் வந்துவிடுகிறார்கள். பழுதுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் காலக்கெடு இல்லை என்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அப்படியே. நிறம் பிடிக்கவில்லை, அளவு சேரவில்லை என்பது வேறு. அது கடைக்காரரின் தயவு. தங்கம் வாங்குகிறவர் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான ஆறு எழுத்து ஹால்மார்க் (ஹெச்.யு.ஐ.டி.) அடையாளத்தைக் கடையில் நிற்கும்போதே 'பிஐஎஸ் கேர்' செயலியில் அடித்துப் பார்த்துவிடலாம்.

கூட்டத்தில் கைபேசி போனால் முதல் வேலை சிம்மை முடக்குவது, இரண்டாவது வேலை 'சஞ்சார் சாத்தி' தளத்தில் கருவியை முடக்குவது. அதற்குக் கருவியின் ஐ.எம்.இ.ஐ. எண்ணும் காவல் புகாரும் வேண்டும். எண்ணைக் கைபேசியிலேயே சேமித்து வைத்திருப்பதில் பயனில்லை. காவல் நிலையத்தில் உடனே எஃப்.ஐ.ஆர். போடாவிட்டாலும் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் பிரதி இலவசம். இணையத்தில் தேடிப் பிடித்த போலி 'வாடிக்கையாளர் சேவை' எண்ணுக்கு அழைத்துப் பணத்தை இழந்தவர் உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் சொன்னால் அடுத்த கணக்கில் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, மறுநாள் என்றால் குறைவு. ரயிலில் நடப்பவற்றுக்கு 139, பெண்களுக்கு 181.

பணத்தகராறுக்கு முதல் படி 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசித் தீர்க்கப் பார்ப்பார்கள், உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தீரவில்லை என்றால் 'இ-ஜாக்ரிதி' தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனுப் போடலாம். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை, காணொலியில் ஆஜராகக் கேட்கலாம். 21 நாளில் மனுவை ஏற்பதா என்று முடிவு செய்யாவிட்டால் ஏற்றதாகவே கொள்ளப்படும். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வது நடைமுறையில் இழுக்கும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போன கட்டத்திலேயே பல தகராறுகள் சமரசத்துக்கு வந்துவிடுகின்றன. மனுப் போட இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் இப்போது கடைகள் தரும் வெப்பத்தாள் பில்லில் எழுத்து சில மாதங்களிலேயே வெளுத்துவிடும். ஆகவே கடை வாசலைத் தாண்டும் முன்பே அதைக் கைபேசியில் படம் பிடித்து, வீட்டில் இருக்கும் யாருக்காவது அனுப்பிவிட வேண்டும்.