செவிக்கு ஒரு நாட்குறிப்பு

தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் இடையே இருப்பது சுமார் 30 கிலோமீட்டர் கடல்தான். வறண்ட நிலத்தைவிடக் கடல்நீர் மின்சாரத்தைப் பல நூறு மடங்கு நன்றாகக் கடத்தும். ஆகவே மத்திய அலை வானொலி, நிலத்தின் மேல் செல்வதைவிடக் கடலின் மேல் வலுக் குன்றாமல் செல்கிறது. இராமநாதபுரம் கரையோர ஊர்களில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்கள் பல்லாண்டுக் காலம் தெளிவாகக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வானொலி ஒருவழிப் பாதை. கேட்பவர் யார் என்பது நிலையத்துக்குத் தெரியாது. நேயர் கடிதம் போட்டால்தான் தெரியும். இன்று கைப்பேசியில் இணையம் வழியாகப் பாட்டுக் கேட்கிறோமே, அது இருவழிப் பாதை. பாட்டு நம்மிடம் வருகிறது. எந்தப் பாட்டை, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் கேட்டோம் என்ற குறிப்பு நிறுவனத்துக்குப் போகிறது. அந்தக் குறிப்பைக் கொண்டு நாம் உறங்கும் நேரத்தையும், விழித்துப் படிக்கும் இரவுகளையும்கூட ஊகிக்கலாம் அல்லவா?

இத்தகைய குறிப்பைக் கேட்பவரே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. 2002ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயக் கல்லூரி மாணவர் 'ஆடியோஸ்க்ராப்ளர்' என்னும் மென்பொருளை உருவாக்கினார். கணிப்பொறியில் பாடிய ஒவ்வொரு பாட்டையும் அது பதிவு செய்தது. பின்னர் அது 'லாஸ்ட் எஃப்எம்' நிறுவனத்துடன் இணைந்தது. 2007இல் அந்நிறுவனத்தை அமெரிக்காவின் சிபிஎஸ் விலைக்கு வாங்கியது. கேட்டவர்களின் குறிப்புகளும் சேர்ந்தே கைமாறின. நம் குறிப்பு நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று விரும்புவோருக்காக, 'மலோஜா' போன்ற இலவச மென்பொருள்கள் பின்னர் வந்தன.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? வீட்டில் ஒரு சிறு கணிப்பொறி எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் பாட்டு ஒலிக்கும்போது, பாட்டின் பெயர், பாடியவர், தொடங்கிய நேரம் ஆகியவை அடங்கிய சிறு செய்தி அதற்குச் செல்லும். எல்லாப் பாட்டும் கணக்கில் சேராது. லாஸ்ட் எஃப்எம் வகுத்த விதிப்படி பாட்டு 30 விநாடிக்கு மேற்பட்டதாக இருக்கவேண்டும்; அதில் பாதியோ 4 நிமிடமோ, எது முதலில் முடிகிறதோ அதுவரை கேட்டிருக்கவேண்டும். பாம்பனிலிருந்து கடலுக்குச் சென்றவர், சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசியில் சேமித்த பாட்டைக் கேட்டால்? குறிப்பு கைப்பேசியிலேயே காத்திருந்து, கரை திரும்பியதும் உரிய நேரத்துடன் சென்று சேரும்.

இதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு குறிப்புக்கு 100 பைட் என்று கொள்வோம். நாளுக்கு 50 பாட்டு என்றால் ஆண்டுக்கு 18,250 குறிப்புகள். ஏறத்தாழ 18 இலட்சம் பைட். நொடிக்கு 16,000 பைட் வீதம் பதிவான 4 நிமிடப் பாட்டு ஒன்றோ 38 இலட்சம் பைட்! இரண்டு ஆண்டுகள் கேட்ட வரலாறு ஒரே பாட்டின் இடத்துக்குள் அடங்கிவிடுகிறது.

ஒரு சிக்கலும் உண்டு. ஒரே இசையமைப்பாளரின் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஓர் எழுத்துக் கூட்டியும், மற்றொருவர் குறைத்தும் எழுதுவார்கள். கணிப்பொறி அவரை இருவராக எண்ணிவிடும். எனவே பெயருக்குப் பதில் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரும் 'மியூசிக்பிரைன்ஸ்' போன்ற பொதுப் பட்டியல்கள் பயன்படுகின்றன.

வீட்டில் வைத்தால் காவலும் நம்முடையதே. கடற்கரையின் உப்புக் காற்று மின்சுற்றுகளை அரிக்கும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே அழித்தது. ஆகவே குறிப்பின் நகல் ஒன்று வேறோர் ஊரில் இருப்பது நல்லது.

மாணவர்களே, இதைச் சோதிக்கக் கணிப்பொறி தேவையில்லை. ஒரு வாரம் நீங்கள் கேட்கும் பாடல்களை நேரத்துடன் நோட்டில் எழுதுங்கள். பிறகு அதைப் படித்து, அது உங்களைப் பற்றி என்னென்ன சொல்கிறது என்று பாருங்கள். அந்த நோட்டை யாரிடம் கொடுக்கலாம் என்பதை நீங்களே முடிவு செய்வீர்கள்.