சாவி வாங்கும் முன் வீட்டைத் தட்டிப் பாருங்கள்

சென்னையில் புது அடுக்குமாடி வீட்டை ஒப்படைக்கும்போது கட்டுநர் சாவிக்கொத்தோடு ஒரு கடிதத்தையும் நீட்டுவார். 'வீட்டை முழுமையாகப் பார்வையிட்டேன், திருப்தி' என்ற வாசகம் அதில் பெரும்பாலும் இருக்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்ட நிலையில் யார் அதை நிதானமாகப் படிக்கப் போகிறார்கள்? அந்தக் கையெழுத்தைப் போடுவதற்கு முன், சொந்தச் செலவில் ஒரு பொறியாளரை அழைத்து வீட்டைச் சோதிக்கச் சொல்வதுதான் சுயேச்சை ஆய்வு. வருபவர் கட்டுநர் கைகாட்டும் ஆளாக இருக்கக் கூடாது. வாட்டர்புரூஃபிங் வேலையையும் சேர்த்து விற்பவராக இருந்தாலும் யோசிக்க வேண்டும். அவர் கண்ணுக்கு எல்லாச் சுவரிலும் ஓதம்தான் தெரியும்.

ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம், முனையில் சிறு இரும்புக் குண்டு வைத்த கம்பி. ஆய்வில் பாதி இவற்றிலேயே முடிந்துவிடும். சிலர் ஈரம் அளக்கும் கருவியும் கொண்டுவருவார்கள். கம்பியால் டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனால், அடியில் கலவை நிரம்பாத இடம் வெற்றுப் பானை போல ஒலிக்கும். பீரோவின் கால் அங்கே பதிந்தால் விரிசல் விட வாய்ப்புண்டு.

அதிக நேரம் எடுப்பது குளியலறை. தரையில் தண்ணீர் போகும் வாயை அடைத்து, ஓரிரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் கட்டி, ஒரு நாள் முழுக்க விட வேண்டும். மறுநாள் பார்க்க வேண்டிய இடம் கீழ்வீட்டின் சீலிங். பிறகு அடைப்பை எடுத்தால் தண்ணீர் தானாக ஓடி வடிய வேண்டும். ஷவருக்கு அடியில் தேங்கி நின்றால் வாட்டம் சரியில்லை. 'இதெல்லாம் நாங்களே பார்த்துவிட்டோம் சார்' என்று தளப் பொறியாளர் சொன்னாலும் இந்தச் சோதனையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குடியேறிய பிறகு கசிவு தெரிந்தால் டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டிவரும்.

மின்சாரத்தில் ஒவ்வொரு பிளக் பாயின்ட்டிலும் எர்த் வருகிறதா, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். கார்பெட் ஏரியாவையும், அதாவது வீட்டுக்குள் புழங்கும் பரப்பையும், அளந்து ஒப்பந்தத்தோடு ஒப்பிட வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி உள்சுவர்கள் அந்தக் கணக்கில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது.

'பணிநிறைவுச் சான்று இருக்கிறதே' என்பார்கள். கட்டடம் அனுமதித்த வரைபடப்படி எழுந்திருக்கிறதா என்பதே அந்தச் சான்றின் அக்கறை. உங்கள் குளியலறை வாட்டத்தை யாரும் அதற்காகப் பார்ப்பதில்லை.

2016-ஆம் ஆண்டின் ரெரா சட்டம், 14(3)-ஆம் பிரிவில், வாங்குபவருக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைக் குறையோ சுட்டிக்காட்டினால், கட்டுநர் கட்டணமின்றி 30 நாளில் சரிசெய்து தர வேண்டும். ஆனால் மூன்றாம் வருடம் போய்க் கேட்டால், 'உங்கள் இன்டீரியர் ஆள் சுவரைக் குடைந்ததால் வந்தது' என்று பதில் வரலாம். அப்போது பேசுவது, தேதியிட்ட படங்களோடு உள்ள ஆய்வறிக்கை. கடைசித் தவணை கையில் இருக்கும்போதே அந்த அறிக்கையின் குறைப்பட்டியலைக் கட்டுநருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவது நல்லது. 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ எழும் திட்டங்கள் ரெராவில் பதிய வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு முளைக்கும் சின்ன அடுக்குமாடிகளில் பல இந்த வகைதான். அங்கே முன்கூட்டிய சோதனை இன்னும் அவசியம்.

குடியேறிய பிறகு ஆய்வு வந்ததற்கும் உதாரணம் உண்டு. 2021-இல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா அரசுக் குடியிருப்பில் கை பட்டாலே பூச்சு உதிர்ந்தது. குடியேறியவர்கள் புகார் சொன்ன பிறகுதான் சென்னை ஐஐடி ஆய்வுக்கு வந்தது.

ஆனால் பூச்சுக்குள்ளே இருப்பதைச் சாவி வாங்கும் முன் செய்யும் ஆய்வு சொல்லாது. 2014 ஜூன் 28-இல் மௌலிவாக்கத்தில் கட்டுமானத்தில் இருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அத்தகைய ஆபத்தை டைல்ஸ் தட்டிக் கண்டுபிடிக்க முடியாது. தூணில் எத்தனை கம்பி, கான்கிரீட்டின் வலு என்ன என்பதைக் கட்டும்போதே பார்க்க வேண்டும். கான்கிரீட் போடும் நாளில் கன சதுர அச்சில் மாதிரி எடுத்து, 28-ஆம் நாள் அழுத்திச் சோதிப்பது வழக்கம். அந்த அறிக்கைகளை முன்பணம் கட்டிய நாளிலிருந்தே தளம் தளமாகக் கேட்டு வாங்கி வைக்கலாம்.