ஒரு நாடி போதாது

ஒருவர் மனத்தில் இருப்பதைப் பேச்சுக் கொடுத்து அறிய முயல்வதை ‘நாடி பிடித்துப் பார்ப்பது’ என்கிறோம். மருத்துவத்திலிருந்து பேச்சு வழக்கிற்கு வந்த தொடர் இது. நோயாளி வாய் திறந்து சொல்லாததையும் நாடி சொல்லிவிடும் என்ற நம்பிக்கை நம்மிடையே பழமையானது. சித்த மருத்துவர் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நிலையை அறிய முற்பட்டார். இன்றைய மருத்துவரும் அதே இடத்தில்தான் விரல் வைக்கிறார். ஆனால் அவர் கேட்கும் கேள்விகள் வேறு. இதயம் ஒழுங்காகத் துடிக்கிறதா? அதன் வால்வுகள் சரியாக மூடுகின்றனவா? இரத்தக் குழாய்களில் எங்கேனும் அடைப்பு உண்டா?

1707-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ஃபிளாயர் என்னும் மருத்துவர், ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை நூலாக வெளியிட்டார். நாடி ஓர் எண்ணாக மாறத் தொடங்கியது. இன்று விரல் நுனியில் மாட்டும் சிறு கருவி அந்த எண்ணைச் சில நொடிகளில் காட்டிவிடுகிறது. வசதிதான்; ஆனால் ‘நாடி 78’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் பழக்கமும் இதனால் வந்துவிட்டது. எண் ஒன்றே; நாடிகளோ பல. ஒரு நாடியை மற்றொன்றோடு ஒப்பிடும்போதுதான் பல நோய்கள் வெளிப்படுகின்றன. மருத்துவ மாணவர்கள் முதலில் பழக வேண்டியது இந்த ஒப்பீட்டைத்தான்.

நாடி என்பது என்ன?

இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சுமார் 70 மி.லி. இரத்தம் பெருந்தமனிக்குள் தள்ளப்படுகிறது. தமனியின் சுவர் ரப்பரைப் போல் சற்று விரிந்து மீண்டும் சுருங்குகிறது. இந்த விரிவு ஓர் அலையாகத் தமனிகளின் வழியே பரவுகிறது. நம் விரல் உணர்வது இந்த அலையைத்தான். நீண்ட கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து உதறிப் பாருங்கள். அலை மறுமுனைக்கு ஓடுகிறது, கயிறு ஓடுவதில்லை. அதுபோல நாடி அலை நொடிக்குப் பல மீட்டர் வேகத்தில் செல்கிறது. இரத்தம் அதைவிட மிக மெதுவாகவே நகர்கிறது. இதயத்திலிருந்து புறப்பட்ட அலை மணிக்கட்டையும் தொடை இடுக்கையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அடைகிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது பயன்படும்.

நாடியைக் கட்டைவிரலால் பார்க்கலாகாது. அதிலேயே துடிப்பு உணரப்படுவதால் நம் நாடியை நோயாளியின் நாடி என்று மயங்க நேரும். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் ஆகிய மூன்றின் நுனிகளை மென்மையாக வைக்க வேண்டும். மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, கழுத்து, தொடை இடுக்கு, முழங்காலின் பின்புறம், உள்கணுக்காலின் பின்புறம், பாதத்தின் மேற்புறம் ஆகியவை நாடி தெரியும் இடங்கள். கழுத்தில் மட்டும் இருபுறமும் ஒரே நேரத்தில் அழுத்தக் கூடாது. மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து மயக்கம் வரலாம்.

இதயமும் மணிக்கட்டும்

ஓய்வாக இருக்கும் பெரியவருக்கு நாடி நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. எண்ணிக்கையை விட முக்கியமானது ஒழுங்கு. மூச்சை உள்ளிழுக்கும்போது நாடி சற்று விரைவதும் வெளிவிடும்போது தளர்வதும் இளம் வயதினரிடம் இயல்பே. ஆனால் எந்த ஒழுங்குக்கும் கட்டுப்படாமல், இரண்டு துடிப்புகளுக்கு இடையிலான நேரமும் துடிப்பின் வலிவும் மாறிக்கொண்டே இருந்தால் இதயத்தின் மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குகின்றன என்று ஐயுற வேண்டும். அப்போது ஒருவர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து இதயத் துடிப்பை எண்ண, மற்றொருவர் அதே நிமிடத்தில் மணிக்கட்டில் நாடியை எண்ணலாம். இதயம் 120 முறை துடிக்க, மணிக்கட்டில் 95 மட்டுமே தெரியலாம். மீதித் துடிப்புகளில் கீழறை போதிய அளவு நிரம்பாததால் அவற்றின் அலை மணிக்கட்டு வரை எட்டவில்லை.

இதைக் கண்டறிவதால் என்ன பயன்? நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்த உறைகட்டி பெயர்ந்து மூளைத் தமனியை அடைத்தால் பக்கவாதம். இவ்வகை நாடி உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு சுமார் 5 மடங்கு. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகள் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கின்றன.

நம் நாட்டில் இளம் வயதினரிடம் இந்த நாடியைக் கண்டால் வேறொன்றையும் தேட வேண்டும். 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் தொண்டைப் புண் வந்து, அது ஆறிச் சில வாரங்கள் சென்றபின் காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் வருவதுண்டு. இது ரூமாட்டிக் காய்ச்சல். மூட்டுகள் தழும்பின்றி ஆறிவிடும்; இதய வால்வுகள் அப்படி ஆறுவதில்லை. பல ஆண்டுகளில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஈரிதழ் வால்வு தடித்துச் சுருங்குகிறது. தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் பெனிசிலின் தந்தால் இந்தத் தொடரை முதலிலேயே அறுத்துவிடலாம். காய்ச்சல் ஒருமுறை வந்தவர்களுக்கு 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தொடர்ந்தால் அது திரும்ப வராமல் தடுக்கலாம்.

அலையின் வடிவம்

1832-இல் டப்ளின் நகர மருத்துவர் டொமினிக் காரிகன், பெருந்தமனி வால்வு சரியாக மூடாத நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். இவர்களிடம் நாடி விசையோடு எழும்பி, உடனே சரிந்துவிடும். வெளியே தள்ளிய இரத்தத்தில் ஒரு பகுதி மீண்டும் இதயத்துக்குள் கசிந்து விடுவதே காரணம். நோயாளியின் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, மணிக்கட்டை உள்ளங்கையால் பற்றினால் இது நன்கு புலப்படும். மாறாக, அந்த வால்வு குறுகிப்போனால் நாடி சிறுத்து, மெல்ல எழும்பும். இத்தகையவர் படியேறும்போது மயங்கி விழுந்தால் அது வெறும் களைப்பு அன்று; உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து.

இடமும் வலமும்

இரண்டு மணிக்கட்டுகளையும் ஒருசேரப் பிடித்துப் பாருங்கள். நாடிகள் சமமாக இருக்க வேண்டும். 1908-இல் ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டகாயாசு, ஓர் இளம் பெண்ணின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் விந்தையாகப் பின்னியிருந்ததை விவரித்தார். இத்தகைய நோயாளிகளின் மணிக்கட்டில் நாடியே தெரிவதில்லை என்பதை உடனிருந்த பிற மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழற்சியால் தடித்து அடைபடும் இந்நோய் இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளில், குறிப்பாக இளம் பெண்களிடம், காணப்படுகிறது. ஒரு கையில் மட்டும் இரத்த அழுத்தம் பார்த்து ‘குறைவு’ என்று எழுதிவிட்டால் நோய் தப்பிவிடும்.

கிழிப்பது போன்ற நெஞ்சுவலி திடீரென வந்து முதுகுக்குப் பரவி, இரு கைகளின் நாடியும் வேறுபட்டால், பெருந்தமனியின் சுவர் உட்புறம் பிளந்திருக்கக்கூடும். இங்கு ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை.

கையும் காலும்

இளைஞர் ஒருவருக்கு இரத்த அழுத்தம் 170/100 என்று வைத்துக்கொள்வோம். அடிக்கடி தலைவலி, நடந்தால் கால் சோர்வு. மாத்திரைகள் தரப்படுகின்றன. மருத்துவர் ஒரு கையை அவரது மணிக்கட்டிலும் மற்றொரு கையைத் தொடை இடுக்கிலும் வைத்தால் உண்மை வெளிப்படலாம். ஒரே நேரத்தில் வர வேண்டிய அலை, தொடையில் தாமதமாகவும் மெலிந்தும் வருகிறது. இடது கைக்குக் கிளை பிரிந்த இடத்தை அடுத்து, பெருந்தமனி பிறவியிலேயே குறுகியிருக்கிறது! மேலுடலில் அழுத்தம் மிகுதி, கால்களில் குறைவு. கவனியாது விட்டால் மூளையில் இரத்தக் கசிவும் இதயச் செயலிழப்பும் நேரலாம். 1944-இல் சுவீடன் நாட்டு அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்டு குறுகிய பகுதியை வெட்டி நீக்கி, முனைகளை இணைத்துக் காட்டினார். இப்போது பலூன் கொண்டு விரித்து, வலைக்குழாய் பொருத்தும் முறையும் உண்டு. பிறந்த குழந்தைகளிடம் தொடை நாடியைத் தொட்டுப் பார்ப்பதும் இதற்காகவே.

பாதத்தில் நாடி இல்லையேல்

சிறிது தூரம் நடந்ததும் கெண்டைச் சதையில் வலி. சில நிமிடம் நின்றால் தீர்ந்துவிடுகிறது. மீண்டும் அதே தூரத்தில் வலி. இதைப் பலர் வயதின் மேலோ வாயுவின் மேலோ பழி போட்டு, தைலம் தடவிக் காலம் கடத்துகிறார்கள். பீடி, சிகரெட் பிடிப்பவராகவோ நீரிழிவு உள்ளவராகவோ இருந்தால் பாத நாடிகளைப் பார்த்தே ஆக வேண்டும். சிலருக்குப் பாதத்தின் மேற்புற நாடி பிறவியிலேயே இருப்பதில்லை. ஆகவே உள்கணுக்கால் நாடியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் வரும் எண் 0.9-க்குக் கீழ் இருந்தால் கால் தமனியில் அடைப்பு உண்டு எனலாம். கால் தமனி அடைபட்டவரின் இதயத் தமனியும் அடைபட்டிருக்கும் வாய்ப்பு மிகுதி. எனவே பாதத்தில் தொலைந்த நாடி, பின்னால் வரக்கூடிய மாரடைப்புக்கு முன்னறிவிப்பாகும்.

நாடியின் எல்லை

நாடி எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மாரடைப்பின்போது நாடி முற்றிலும் இயல்பாக இருக்கலாம். நெஞ்சை அழுத்தும் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் நாடியைப் பார்த்து ஆறுதல் அடையலாகாது. மருத்துவமனைக்கு வந்த 10 நிமிடங்களுக்குள் இ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். முதியவர்களிடமும் நீரிழிவு உள்ளவர்களிடமும் வலியே இல்லாமல் களைப்பும் மூச்சிரைப்பும் மட்டுமே தோன்றக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

விரல் ஐயத்தை எழுப்புகிறது. கருவி அதை உறுதி செய்கிறது. ஐயமே எழாத இடத்தில் எந்தக் கருவியும் உதவிக்கு வருவதில்லை. இரண்டு கைகள், இரண்டு தொடைகள், இரண்டு பாதங்கள் ஆகியவற்றைத் தொட்டுப் பார்க்க இரண்டு நிமிடங்கள் போதும். மாணவர்கள் முதலில் தங்கள் உடலிலும் நண்பர்களின் உடலிலும் இந்த இடங்களைத் தேடிப் பழகட்டும். இயல்பான நாடி எப்படியிருக்கும் என்று விரல்கள் அறிந்துவிட்டால், இயல்பல்லாதது வரும்போது அவை தாமாகவே நின்று கவனிக்கும்.