மைதானத்துக்கு வெளியே ஒரு வேலப்பன்



ஆசிய மண்ணில் நடந்த முதல் ஆடவர் உலகக் கோப்பைக் கால்பந்து, 2002-ல் ஜப்பானும் தென்கொரியாவும் சேர்ந்து நடத்தியது. அப்போது ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் பொதுச் செயலாளர் யார் தெரியுமா? மலேசியத் தமிழர் பீட்டர் வேலப்பன்!

நெகிரி செம்பிலான் மாநிலத்தில் பிறந்து, ஆசிரியராகப் பணிபுரிந்தவர். 1978-ல் பொறுப்பேற்று, 2007 வரை 29 ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்து உழைத்தார். போட்டி அட்டவணை, நடுவர்கள், பயிற்சியாளர் வகுப்புகள் என்று ரசிகர் கண்ணில் படாத வேலைகளே ஒரு கூட்டமைப்பைத் தூக்கி நிறுத்துகின்றன. ஆசியக் கால்பந்துக்கே வாழ்நாளைக் கொடுத்த அவர், 2018 அக்டோபரில் மறைந்தார்.

திண்டுக்கல் வட்டாரத்தில் ஊர்ப் போட்டி நடத்தும் இளைஞர்களே! விடிவதற்குள் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுபவர், கோல் கம்பத்தில் வலை கட்டுபவர், பந்துக்குக் காற்றடிப்பவர் உங்கள் ஊரிலும் இருக்கிறார். அடுத்த பரிசளிப்பு விழாவில் அவரை மேடைக்கு அழைத்து, பெயரைச் சொல்லி, முதல் பொன்னாடையை அவருக்கே போர்த்துங்கள்!